நாலு சக்கர வீட்டில் கடைசி மூன்று நாள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியோர்கள் எச்சரித்து வைத்திருக்கிறார்கள். சக்கரத்தின் மேல் வீட்டைக் கட்டி, அதில் குடும்பத்தோடு குடியிருந்து பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் அந்த விசித்திரம் இல்லை, இப்போது வந்துவிட்டது. ‘கேரவன்’ என்று அதற்குப் பெயர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் ஒரே வண்டிக்குள் அடக்கம். நாள் வாடகைக்குக் கிடைக்கிறது.

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே போவதென்று இந்தக் கோடை விடுமுறையில் புறப்பட்டோம். நாமும் நம் இல்லாளும், குழந்தைகள் இருவரும், எழுபதைத் தாண்டிய நம் தாயாரும், வண்டியோட்டியுமாக ஆறு பேர். மாமல்லபுரத்தையும் தரங்கம்பாடியையும் பற்றி எழுதுவதற்கு வேறு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிரயாணத்தின் கடைசி மூன்று நாட்களைப் பற்றி மட்டும் இங்கே சொல்லப் புகுகிறோம். கடற்கரை யாருடையது என்ற கேள்வி அந்த மூன்று நாட்களில்தான் எங்கள் எதிரே வந்து நின்றது.

பாம்பனும் தனுஷ்கோடியும்

பாம்பனில் வண்டி நின்றதோ இல்லையோ, சிறுவர் கூட்டம் சூழ்ந்துகொண்டது. “உள்ளே எந்த நடிகர், ஸார்?” என்று ஒரே கேள்வி. கேரவன் என்றால் சினிமாக்காரர்களுடையது என்பது ஜனங்களின் தீர்மானம். கதவு திறந்தது. நம் தாயார் வெற்றிலைப் பெட்டியுடன் மெதுவாக இறங்கினார். கூட்டம் அந்தக் கணமே கலைந்துவிட்டது!

1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் இரண்டு ரயில் பாலங்களும் தெரிகின்றன. ஒன்று 1914-ல் திறந்தது. மற்றொன்று 2025 ஏப்ரலில் திறந்தது. கீழே விசைப்படகுகள் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் அறுபத்தொரு நாட்களும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை மீன்பிடிப்பவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். சுற்றிப் பார்க்க வரும் நமக்கோ அப்படிப்பட்ட விடுமுறை எதுவும் இல்லை.

தனுஷ்கோடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போன துறைமுகம் அது. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் அலைக்கு இரையாயிற்று. இடிந்த தேவாலயத்தின் சுவர்களுக்கருகில் மீனவக் குடும்பங்கள் சில இன்றும் ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது முதல் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. இரவில் தங்க மட்டும் அனுமதி இல்லை. பொழுது சாயும்போது எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நாங்களும் இராமேசுவரம் திரும்பி, ஒரு விடுதியின் முற்றத்தில் வாடகை கொடுத்து வண்டியை நிறுத்திக்கொண்டோம்.

ஒரு குடம் தண்ணீர்

மறுநாள் கீழக்கரை, சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடியை நோக்கிப் பிரயாணம். இடப்பக்கம் மன்னார் வளைகுடா. அதில் இருபத்தொரு தீவுகள் என்று பூகோள பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். உண்மையில் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்குமாகப் பவளப்பாறைகளைப் பல காலம் வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். பாறை அலையைத் தடுத்தது. பாறை போனபின் அலை தீவை அரித்தது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பதற்காகப் பிற்பாடு கடலில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

வலப்பக்கம் வேறொரு காட்சி. பெண்கள் தள்ளுவண்டிகளில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு வெயிலில் போகிறார்கள். இராமநாதபுரம் ஜில்லாவின் இந்தப் பகுதியில் குடிதண்ணீரைத் தேடிப் போக வேண்டும். அல்லது விலை கொடுத்து வாங்க வேண்டும்.

எங்கள் வண்டியின் தொட்டி நூறு லிட்டர் பிடிக்கும். அதற்குக் கீழே கழிவு நீருக்கு ஒரு தொட்டி. முதல் தொட்டி குறையக் குறைய, இரண்டாவது நிறைந்துகொண்டே வரும். ஊரில் நாம் கொட்டும் நீர் எங்கே போகிறது என்று யார் யோசிக்கிறோம்? இங்கோ அது நம்முடனேயே பிரயாணம் செய்கிறது!

மாலையில் ஒரு மீனவர் குப்பத்தருகே நிறுத்தினோம். எதிரே அகன்ற மணல். கண்ணுக்கு எட்டிய வரை ஆளில்லை. கழிவுத் தொட்டியின் குழாயை மணலில் திறந்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும் என்று வண்டியோட்டி கீழே குனிந்தார். எங்கிருந்தோ ஒரு மூதாட்டி வந்து நின்றாள்.

“தம்பி, இங்கே திறக்காதீங்க. இது எங்க வாசல். காலையிலே மீன் காயப் போடுற இடம்.”

அப்போதுதான் நாங்கள் நன்றாகப் பார்த்தோம். வெறும் மணல் என்று தோன்றிய இடத்தில் வலை உலர்த்தும் கழிகள் நட்டிருந்தன. வள்ளத்தை இழுத்த தடம் இருந்தது. ஒரு மூலையில் குழந்தைகள் கட்டிய மணல் வீடும் இருந்தது. வண்டியோட்டி பேசாமல் எழுந்துவிட்டார்.

நம் தாயார் அந்த அம்மாளுக்கு வெற்றிலை கொடுத்து, “குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா, அம்மா?” என்று கேட்டார்.

“கிடைக்கும், ஆத்தா. ஆனால் குடத்துக்குக் காசு தரணும். நாங்களும் காசு கொடுத்துத்தான் வாங்குறோம்” என்றாள் அவள்.

அதில் இரக்கமும் இருந்தது, கணக்கும் இருந்தது. ஒரே ஒரு குடம் வாங்கிக்கொண்டோம். அன்றிரவு நம் மூத்த பெண் நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டாள். இவ்வளவு நாளும் ஒரு நாளைக்கு ஒரு தொட்டி, அதாவது ஆளுக்குப் பதினாறு லிட்டருக்கு மேல் செலவழித்திருக்கிறோம். மறுநாள் ஆளுக்கு எட்டு லிட்டரில் பொழுது போயிற்று. ஒருவருக்கும் ஒரு கஷ்டமும் நேரவில்லை.

குமரி முனையில்

தூத்துக்குடியில் விடியுமுன்பே உப்பளப் பாத்திகளில் ஆண்களும் பெண்களும் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் வெள்ளை உப்பின் ஒளியே கண்ணைக் கெடுத்துவிடும். ஒரு பெட்ரோல் பங்கில் அனுமதி கேட்டு, கேட்ட கூலியைக் கொடுத்து, அங்கிருந்த கழிப்பறையில் கழிவுத் தொட்டியைக் காலி செய்தோம். இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு கிடைத்த வசதி அது!

திருச்செந்தூரைத் தாண்டினால் செம்மணல் தேரி. அதன் மேல் பனை மரங்கள். வழியில் ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். “குடிங்க அண்ணாச்சி, பட்டையைத் தூர எறிஞ்சாலும் மண்ணோடு மண்ணாப் போயிரும்” என்றார் விற்றவர். நம் வண்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் பாட்டில்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? மணப்பாட்டு மணற்குன்றையும் அதன் மேலுள்ள தேவாலயத்தையும் பார்த்துக்கொண்டு, இருட்டும் வேளையில் குமரி முனையை அடைந்தோம்.

விவேகானந்தர் பாறை நினைவிடம் 1970-ல் எழுந்தது. 133 அடி உயர வள்ளுவர் சிலை 2000-ல் திறக்கப்பட்டது. இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் வந்தது. பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. அண்டையிலுள்ள கேரள சர்க்கார் 2021-ல் கேரவன் பிரயாணத்துக்கென்று ஒரு திட்டம் வகுத்தபோது, வண்டிகள் தங்குவதற்குத் தண்ணீரும் மின்சாரமும் கழிவு அகற்றும் வசதியும் உள்ள இடங்கள் வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தார்கள். நாங்கள் வந்த வழியிலோ அப்படி ஓர் இடம்கூடக் கண்ணில் படவில்லை. இத்தகைய வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் பெருகும். அவையெல்லாம் தம் தொட்டிகளை எங்கே காலி செய்யும்? அந்த மூதாட்டியின் வாசலிலா?

பிரயாணம் போகிறவர்கள் ஊராரைக் கேட்டு வண்டியை நிறுத்தட்டும். தண்ணீருக்கு உரிய விலையைக் கொடுக்கட்டும். சர்க்கார் ஐம்பது மைலுக்கு ஒன்றாக ஒரு தண்ணீர்க் குழாயும், ஒரு கழிவுத் தொட்டியும், இரவில் ஒரு விளக்கும் வைக்கட்டும். கடலின் மேல் கண்ணாடியால் பாலம் போடத் தெரிந்தவர்களுக்குக் கரையில் ஒரு சாக்கடை கட்டுவது பெரிய காரியமா?