கரும்புலி சொல்லும் செய்தி

சென்னைக்குச் செல்லும் நம் அன்பர்களுள் பலர், குழந்தைகளுடன் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைக் கண்டு வந்திருப்பர். அப்பூங்காவிலும், புவனேசுவரத்தை அடுத்த நந்தன்கானன் பூங்காவிலும் கரும்புலிகள் இருந்ததுண்டு. உடலெங்கும் கரி பூசினாற்போன்ற தோற்றம். உற்று நோக்கினால்தான் கருங்கோடுகளுக்கிடையே மஞ்சள் நிறம் தெரியும். காட்டிலே இத்தகைய புலிகள் நடமாடும் இடமோ ஒன்றுதான்: ஒடிசாவின் சிமிலிபால். அங்கு மட்டும் ஏன்? இவ்வினாவுக்கு விடை நமது பெங்களூரிலேயே கிடைத்தது.

பல்லாரிச் சாலையில் ஹெப்பாளத்தைத் தாண்டினால், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் அமைந்துள்ளது. அங்கே உமா ராமகிருஷ்ணன் அம்மையாரும், வினய் சாகரும், உடனுழைத்த பிறரும் இந்த மர்மத்தை ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். இத்தகைய ஆய்வுக்குக் காட்டுப் புலியைப் பிடிக்க வேண்டுவதில்லை. அது விட்டுச் சென்ற எச்சமும், உதிர்த்த முடியுமே போதும். அவற்றிலிருந்து அதன் மரபணுவைப் படித்துவிடலாம். காட்டிலும் பூங்காக்களிலும் வாழும் 395 புலிகளை அவர்கள் இவ்வாறு ஆராய்ந்தனர்.

டாக்பெப் என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. வீட்டுப் பூனைகள் சிலவற்றின் உடலில் கோடுகள் கலைந்து திட்டுத்திட்டாகத் தோன்றுவதற்கும் இதே மரபணுவில் நேரும் மாற்றமே காரணம். தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும் ஆகிய இரு பிரதிகளும் மாறியிருந்தால்தான் புலியின் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கூடும். சிமிலிபாலில் 100க்கு 37 புலிகள் அவ்வாறிருந்தன. வேறெந்தக் காட்டுப் புலியிடத்தும் அம்மாற்றம் காணப்படவில்லை. வண்டலூர், நந்தன்கானன் புலிகளும் சிமிலிபால் வழிவந்தவையே.

கருநிறத்தை ஒரு நோயென்று கூற இயலாது. கவலைக்குரியது அந்நிறம் இவ்வளவு பெருகியதன் காரணம். சில புலிகளிலிருந்தே பெருகிய சிறு கூட்டம் அது. குட்டி ஈனும் அடுத்த புலிக்கூட்டமோ ஏறத்தாழ 800 கிலோமீட்டருக்கு அப்பால். வெளியே கொள்வினை கொடுப்பினை இல்லாமல் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்ட ஊரின் நிலைதான். அரிதான மாற்றம் இவ்வாறு பெருகுமாயின், தீங்கு செய்யும் மாற்றங்களும் அவ்வாறே பெருகக்கூடும். ஆகவே, கரும்புலியைக் கண்டு வியப்போரோடு சேர்ந்து வியக்க நமக்கு மனம் வரவில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பூமா என்னும் மலைச்சிங்கங்கள் 20, 30 என்னும் அளவுக்கு அருகி, வால் கோணியும் இதயம் பழுதுற்றும் பிறந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொணர்ந்து விட்டனர். குறைகள் குறைந்தன, தொகை நூற்றைத் தாண்டியது.

சிமிலிபாலுக்கும் 2024இல் மகாராட்டிரத்தின் தடோபா காட்டிலிருந்து ஜமுனா, ஜீனத் என்னும் இரு பெண்புலிகள் வந்தன. ஜீனத்துக்குப் புகுந்த வீடு பிடிக்கவில்லை போலும்! விட்ட சில நாட்களிலேயே புறப்பட்டு ஜார்க்கண்டைக் கடந்து மேற்கு வங்காளம் வரை நடந்துவிட்டது. டிசம்பர் 29ஆம் நாள் பாங்குராவில் மயக்க ஊசியிட்டுப் பிடித்து, மீண்டும் சிமிலிபாலுக்கே கொண்டு சேர்த்தனர்.

இத்தனை பாடும் காடுகள் துண்டுபட்டதால் வந்தது. நமக்கு அண்மையிலுள்ள பந்திப்பூர், நாகரஹொளே, முதுமலை, வயநாடு ஆகிய காடுகள் இன்னும் தொடர்ந்து கிடக்கின்றன. அங்கே புலி மாநில எல்லையறியாது. பெண் கொள்ள வானூர்தியும் கூண்டும் வேண்டுவதில்லை. அக்காட்டின் ஊடே செல்லும் மைசூர்–உதகைச் சாலையைத்தான் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அடைத்து வைக்கின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர் இதனைக் கடிந்துகொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கடிவதை விடுத்து, பெங்களூரிலிருந்து நண்பகலிலேயே புறப்பட்டு, பொழுது சாயுமுன் குண்டுலுப்பேட்டையைத் தாண்டிவிடுமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.