இடக்கை இளைத்த கையா?

நேயர்கள் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்த்தல் நன்று. நாளைக் காலையிற் பாண் வெட்டும்போது கத்தியை இடக்கையிலும் பாணை வலக்கையிலும் பிடியுங்கள். கத்தி கோணலாகப் போகும். அது நாம் எதிர்பார்த்ததே. ஆனாற் சற்றுக் கவனித்தால் மற்றொன்றும் புலப்படும். பாணைப் பிடித்திருக்கும் வலக்கையும் தன் வேலையைச் செவ்வனே செய்யமாட்டாது. பாண் ஆடும், சில வேளை நசுங்கியும் போகும். வெட்டுவது மாத்திரமே திறமை என்று எண்ணியிருந்த நமக்குப் பிடிப்பதும் ஒரு திறமைதானோ என்ற ஐயம் அப்போது பிறக்கும். (விரல்களைக் காத்துக் கொள்க. பத்திலொருவராய் உள்ள இடக்கைப் பழக்கத்தினர் இதனை மாற்றிப் படித்துக் கொள்க.)

வலக்கையைச் சோற்றுக்கை என்று மதித்தும், மற்றதைப் பீச்சைக்கை என்று இகழ்ந்தும் வந்தவர்கள் நாம். விஞ்ஞானிகளும் நெடுங்காலம் ஏறக்குறைய அவ்வாறே எண்ணி வந்தனர். 1899ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் வூட்வேத் என்பார் கையசைவுகளின் நுட்பத்தை அளந்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். காகிதத்திற் கோடு கீறும் வேலையை மெதுவாகச் செய்யும்போது இரு கைகளுக்குமிடையே பெரிய வேறுபாடில்லை. வேகம் கூடக் கூட இடக்கையின் பிழைகளே பெருகின என்று அவர் கண்டார். ஆகவே இடக்கை என்பது பயிற்சி குறைந்த ஒரு வலக்கை என்ற கொள்கை நிலைத்துவிட்டது.

இக்கொள்கையை அசைத்தவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் செயின்பேக். 2000ஆம் ஆண்டளவிலிருந்து அவரும் அவருடைய கூட்டத்தினரும் வெளியிட்ட ஆராய்ச்சிகளை விளங்கிக்கொள்ளச் சிறிது பௌதிகம் வேண்டும். கை என்பது ஒரே தடியன்று. தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் மூட்டுக்களாற் பொருத்தப்பட்ட துண்டுகளின் தொடர். முழங்கையை விரைவாக நீட்டினால் முன்கையின் அசைவு மேற்கையையும் உதைத்துத் தள்ளும். தோளைச் சுழற்றினால் முன்கை சாட்டை நுனிபோல் வீசப்படும். வலக்கைப் பழக்கமுள்ள ஒருவருடைய வலக்கை இத்தள்ளல்களை முன்கூட்டியே கணக்கிட்டு அவற்றைத் தனக்குத் துணையாக்கிக் கொள்கிறது. நீரோட்டத்தை அறிந்த தோணிக்காரன் துடுப்பை வீணே வலிக்காததுபோல. இடக்கை அவ்வாறு கணக்கிடுவதிற் பின்தங்கியது. அதனால் அதன் பாதை வளைகிறது. தசைகளின் உழைப்பும் கூடுகிறது.

எனினும் வியப்பு என்னவெனில், வளைந்து சென்ற இடக்கையும் குறித்த இடத்தை வலக்கைக்குச் சமமாகவே போய் அடைந்தது. 2003இல் வெளியான மற்றொரு சோதனையில், கை அசையுமுன் எதிர்பாராத வகையில் அதன்மீது ஒரு பாரத்தைச் சேர்த்துப் பார்த்தனர். அந்தப் பாரத்தைச் சமாளித்துச் சரியான இடத்தில் நிற்பதில் இடக்கையே மேம்பட்டு நின்றது. பாதையை வகுப்பதில் ஒரு கையும், நிலைத்து நிற்பதில் மற்றக் கையும் வல்லவை என்பதே இவர்களுடைய முடிவு. இடக்கைப் பழக்கமுடையோரிடத்தில் இந்த வேற்றுமை இவ்வளவு தெளிவாக இல்லையென்பதும் பின்னர் தெரியவந்தது.

இதனைப் படித்தபோது ஓலையில் எழுதிய நம் முன்னோரின் நினைவு எனக்கு வந்தது. ஓலையைத் தாங்கியது இடக்கை. எழுத்தாணிக்கு அணைகொடுத்தது இடக்கைப் பெருவிரலின் நகம். அதற்கென நகத்தில் ஒரு வெட்டும் இட்டுக்கொள்வர். எழுத்தாணி ஓலைமீது ஓடாது. இடக்கைதான் ஓலையைச் சிறிது சிறிதாக நகர்த்தும். பிரெஞ்சு அறிஞர் ஈவ் கியார் 1987இல் எடுத்துக்காட்டியதும் இதை ஒத்ததே. எழுதும் தாளின் கீழ் மேசைமீது கார்பன் தாளை வைத்துச் சோதித்தபோது, முழுப்பக்கக் கடிதத்தின் சுவடு கீழே ஒரு சிறிய பகுதிக்குள் ஒன்றன்மேலொன்றாய் அடங்கிக் கிடந்தது. நாம் அறியாமலே இடக்கை தாளை நகர்த்திக் கொடுத்துக் கொண்டிருக்கிறது. கரும்பலகையில் எழுதும்போது நகர்த்த ஒன்றுமில்லாமையாற்றான் என் கையெழுத்து அங்கே கெடுகிறதென்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், அவர்கள் நம்பவில்லை.

இவை யாவும் வெறும் வேடிக்கைச் செய்திகளாயிருந்தால் நான் எழுதப் புகுந்திருக்கமாட்டேன். என் தாய்மாமனாருக்குப் பாரிசவாதம் கண்டு வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. இடக்கைக்கு ஒன்றுமில்லை என்றே நாமெல்லாரும் எண்ணினோம். ஆனாற் கிண்ணத்தை எடுக்க அந்தக் கை புறப்படும்போதே வழி தவறிப் பக்கவாட்டிற் செல்லும். கடைசியிற்றான் கிண்ணத்தை அடையும். சோறு சிந்தும். “நல்ல கை இருக்கிறதுதானே, அப்பா கொஞ்சம் முயற்சி செய்தாலென்ன?” என்று பிள்ளைகள் கேட்டனர். நானும் ஒருநாள் அவ்வாறே கேட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. பேச்சும் அப்போது முழுதாகத் திரும்பியிருக்கவில்லை.

மூளையின் இடப்பாகம் வலக்கையை மட்டும் ஆள்வதன்று. இரு கைகளுக்கும் பாதை வகுத்துக் கொடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அப்பாகம் பழுதுற்றவர்களின் இடக்கையும் புறப்படும் வழியிற் பிழைக்கிறது. வலப்பாகம் பழுதுற்றவர்களின் வலக்கையோ நேராகப் புறப்பட்டுச் சென்று, நிற்கவேண்டிய இடத்திற் குறி தப்புகிறது. செயின்பேக் குழுவினர் இதனை 2007இல் வெளியிட்டிருந்தனர். நல்ல கைக்கும் தனியே பயிற்சி கொடுக்கவேண்டும் என்பது அவர்களது கருத்து. அதனை நான் படித்தறிந்தது மாமா காலமான பின்னரே.

அவர் தாமாகவே பயின்று சட்டையின் மேல் இரண்டு தெறிகளை இடக்கையாற் பூட்டப் பழகியிருந்தார். மூன்றாவதைக் கடைசிவரை மாமிதான் பூட்டிவிட்டார்.