படிவத்தில் ஒரு கோடு

ஹைதராபாத் நகரின் வடகிழக்கே உள்ள மல்காஜ்கிரி, வாக்காளர் எண்ணிக்கையில் நம் நாட்டின் மிகப் பெரிய மக்களவைத் தொகுதிக்குத் தன் பெயரைத் தந்துள்ளது. 2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் தோன்றிய இத்தொகுதியின் பட்டியலில், 2019-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது 31 லட்சத்திற்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. இத்தகைய ஒரு பட்டியலைப் பிழையின்றி வைத்திருப்பது எளிய காரியமன்று. வீடு மாறுவோர் உண்டு. பெயரில் எழுத்துப்பிழை கண்டு திருத்தக் கோருவோர் உண்டு. அவர்களுடைய விண்ணப்பங்களை வீடு தேடிச் சென்று விசாரிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக நாடெங்கும் பணியாற்றுவோரில் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் பலர்.

அவர்கள் கையாளும் படிவங்களுள் ஒன்று எட்டாம் எண் படிவம். 2022 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, இவ்வொரு படிவமே நான்கு காரியங்களுக்குப் பயன்படுகிறது: குடியிருப்பு மாற்றம், பட்டியல் விவரங்களைத் திருத்துதல், மாற்று அடையாள அட்டை பெறுதல், மாற்றுத் திறனாளி எனக் குறிப்பித்தல். நான்கு வாயில்கள் உள்ள வீட்டைப் போன்றது அது. தனக்குரிய வாயில் எது என்பது வந்தவருக்கு உடனே புலப்பட வேண்டும். இல்லையேல் திருத்தம் கேட்க வந்தவர் இடமாற்றத்துக்குரிய கட்டங்களை நிரப்பிவிட்டுச் செல்வார். இத்தவற்றைத் தடுக்கும் சாதனங்களுள் மிக எளியது, பகுதிக்கும் பகுதிக்கும் இடையே இடப்படும் ஒரு கோடு.

கண் எவ்வாறு பிரிக்கிறது?

கோட்டின் பயன் கண்ணின் இயல்பைச் சார்ந்தது. ஜெர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அருகருகே உள்ள பொருள்களையும் ஒன்றையொன்று ஒத்த பொருள்களையும் மனம் ஒரே கூட்டமாகக் கொள்கிறது என்பதை எளிய புள்ளி வரிசைகளைக் கொண்டு விளக்கினார். ஒரே எல்லைக்குள் அடைபட்டவையும் அவ்வாறே ஒரு கூட்டமாகத் தோன்றும் என்பதை அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் பாமர் 1992-இல் எடுத்துக்காட்டினார்.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி யாதெனில், படிவத்தில் முதற்பிரிப்பு வெற்றிடமே என்பதாகும். ஒரு கேள்விக்கும் அதன் விடைக்கட்டத்திற்கும் உள்ள இடைவெளி, அக்கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் உள்ள இடைவெளியைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். வெற்றிடம் மட்டும் போதாத இடத்தில் கோடு துணைக்கு வருகிறது. ஆனால் எல்லா வரிகளுக்கும் கீழே ஒரே தடிப்பில் கோடிட்டால், எது எல்லை, எது எழுதும் இடம் என்பது விளங்காமற்போகும். வரப்பில்லாத வயலில் நீர் நில்லாது. ஆயினும் வயல் முழுவதும் வரப்பானால் பயிருக்கு இடமேது?

தவறின் விலை

எல்லை தெளிவாயிராத படிவம் எத்துணைத் தீங்கு செய்யும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் ஒரு சான்று. புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் வட்டாரத்தில், முதியோர் படிப்பதற்கு எளிதாக இருக்கும்பொருட்டு எழுத்துகள் பெரிதாக்கப்பட்டன. அதனால் வேட்பாளர் பெயர்கள் எதிரெதிரான இரு பக்கங்களில் அமைந்தன. துளையிடும் இடங்களோ நடுவில் ஒரே வரிசையாக நின்றன. இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோருக்கு மூன்றாம் துளை உரியது. இரண்டாம் துளை வலப்பக்கத்து வேட்பாளரான புகேனனுக்கு உரியது. இரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் கோருக்கு அளிக்க எண்ணிய வாக்கைத் தவறுதலாகப் புகேனனுக்கு அளித்தனர் என்று 2001-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அம்மாநிலத்தில் வெற்றியை முடிவு செய்த வாக்கு வேறுபாடு 537. படிவத்தை அமைத்தவர்களின் நோக்கம் நல்லதே. பெயரையும் அதற்குரிய இடத்தையும் ஒன்றாகக் கட்டும் எல்லைதான் அங்கே குறைந்தது.

நம் நாட்டின் காகித வாக்குச் சீட்டில், ஒரு வேட்பாளரின் கட்டத்திற்கும் அடுத்தவர் கட்டத்திற்கும் இடையே நிழலிட்ட பட்டை ஒன்று அச்சிடப்பட்டது. முத்திரையின் ஒரு பகுதி பட்டையிலும் மறு பகுதி ஒரு வேட்பாளரின் கட்டத்திலும் விழுந்தால், அவ்வாக்கு அவருக்கே உரியதாகக் கொள்ளப்படும். மெல்லிய கோட்டின்மீது முத்திரை விழுந்தால் இரு கட்டங்களிலும் படிந்து ஐயம் விளைவிக்கும். அகன்ற பட்டையோ அவ்வையத்தைக் குறைக்கிறது. ஆகவே கோட்டின் அகலமும், அதன்மேல் படியக்கூடிய கைப்பிழையின் அளவைக் கருதி அமைய வேண்டும்.

இயந்திரத்தின் கண்

படிவத்தைப் படிப்போர் மனிதர் மட்டுமல்லர். 2001-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், கையால் எழுதிய எழுத்தையும் எண்ணையும் படமெடுத்து அறியும் கருவிகள் இந்தியாவில் முதன்முதலாகப் பயன்பட்டன. இத்தகைய கருவிக்கு, எண் கட்டத்துக்குள் நிற்பது இன்றியமையாதது. கோட்டின்மீது எழுதிய 1 கோட்டோடு கலந்து மறையும். கோட்டைத் தொடும் 0 வேறொன்றாகத் தோன்றும். இதற்காகவே இயந்திரம் படிக்கும் படிவங்களில் கட்டங்களை வெளிர் நிறத்தில் அச்சிடுவதுண்டு. கருவி அந்நிறத்தை நீக்கிவிட்டுக் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். எழுதுவோருக்குத் தெரிந்து, படிக்கும் கருவிக்குத் தெரியாமல் நிற்பதே அங்கே நல்ல கோடு.

மென்பொருளில் கோடிடும் முறை

இன்று படிவங்களை ஆக்கித் தரும் மென்பொருள்கள், ஒரே மூலத்தை வைத்துக்கொண்டு, விண்ணப்பதாரரின் விடைக்கேற்பச் சில பகுதிகளைக் காட்டிச் சிலவற்றை மறைக்கின்றன. இங்கே மூன்று செய்திகள் கவனத்திற்குரியவை.

முதலாவது, கோட்டைத் தனியே மிதக்க விடலாகாது. பகுதி மறையும்போது கோடு மட்டும் எஞ்சினால், இரு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெறுமனே நிற்கும். எனவே கோட்டைப் பகுதியின் மேல்விளிம்பாக அமைத்து, பகுதியோடு அதுவும் தோன்றி மறையுமாறு செய்தல் நலம்.

இரண்டாவது, சிறு கோட்டுக் குறிகளை வரிசையாகத் தட்டிக் கோடு செய்தல் ஆகாது. கணினித் திரையில் ஒரே வரியாக நிற்பது, கைப்பேசியின் குறுகிய திரையில் இரு வரியாக உடைந்துவிடும்.

மூன்றாவது, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் உண்டு; அதைக் கேட்பவருக்கு வரைந்த கோடு மட்டும் எதையும் உணர்த்தாது. ஆதலின் ஒவ்வொரு பகுதிக்கும் முறையான தலைப்பு இருத்தல் வேண்டும். கண்ணுக்குக் கோடு, செவிக்குத் தலைப்பு.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

ஆசிரியர்கள் இதனைச் செலவின்றிச் சோதித்துப் பார்க்கலாம். பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை மூன்று வகையில் எழுதுக: பிரிப்பே இல்லாதது, நான்கு பகுதிகளாக இடைவெளியும் கோடும் தலைப்பும் உடையது, ஒவ்வொரு வரிக்கும் கோடிட்டது. 'வெளியூரிலிருந்து வருவோர் மட்டும் நிரப்புக' என்ற குறிப்பை ஒரு பகுதியின் தொடக்கத்தில் வைக்க. மாணவரை மூன்று குழுவாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவகைப் படிவத்தைத் தந்து, நிரப்பிய நேரத்தையும் தவறான கட்டத்தில் விழுந்த விடைகளையும் எண்ணுக. எந்தப் படிவத்தில் பிழை மிகுந்தது, ஏன் என்பதை மாணவரே ஆராயட்டும்.

களப்பணியாளர்களும் இவ்வாறே தங்களிடம் திரும்பி வரும் படிவங்களை நோக்கலாம். ஒரே கட்டத்தில் பலரும் தவறினால், குற்றம் எழுதியவர் பலரிடம் இருப்பதைவிட, வரைந்தவர் ஒருவரிடம் இருப்பதற்கே இடம் அதிகம். அத்தகைய கட்டத்தைக் குறித்து மேலிடத்திற்கு எழுதியனுப்பும் இரண்டு வரிகள், அடுத்த பதிப்பில் ஒரு கோடாக மாறக்கூடும். வாக்குச்சாவடிக்குச் சென்றபின் தம் பெயரைக் காணாது திரும்ப வேண்டியிருந்த ஒருவருக்கு, அக்கோடே உரிமையைக் காத்துத் தந்ததாகும்.