பிள்ளைகளின் சண்டையும் பெற்றோரின் கூத்தும்

இரண்டு சிறுவர்கள் அடிபடுகிறார்கள். ஒருவன் தடியால் ஓங்கியதில் மற்றவனுக்கு இரண்டு பற்கள் போய்விடுகின்றன. நாகரிகமாகப் பேசித் தீர்ப்போமென்று இரு வீட்டுத் தாய் தகப்பனும் கூடுகிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் யஸ்மினா ரேசா எழுதி, 2006ஆம் ஆண்டு சூரிச் நகரில் முதன்முதல் மேடையேறிய நாடகத்தின் கதை இது. கோப்பியும் பலகாரமுமாகத் தொடங்கிய பேச்சு முறுகுகிறது. குடும்பத்துக்குக் குடும்பம் என்றிருந்த சண்டை, கணவன் மனைவிக்கு இடையிலும் மூளுகிறது. ஒருவரின் கைத்தொலைபேசி பூச்சாடித் தண்ணீருக்குள் போகிறது. பிள்ளைகளோ மேடைக்கு வருவதேயில்லை.

பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், கசப்போடு. 2007இல் படுவான்கரையை விட்டு வாவியைக் கடந்து, தறப்பாள் கொட்டில்களில் நெருக்கிக்கொண்டு இருந்தவர்களுக்கு இது பாரிஸ் கதையாகத் தோன்றாது. குழாயடியில் பிள்ளைகள் தள்ளுப்பட்டால், பழைய வரம்புத் தகராறு வரைக்கும் வெளியே வந்துவிடும்.

பிணக்கை ஊரே கூடி ஆடித் தீர்க்கும் வழக்கம் மட்டக்களப்பில் இருந்ததே: கொம்புமுறி. ஊருக்கெல்லாம் தாயான கண்ணகிக்கும் அவள் கணவன் கோவலனுக்கும் போட்டி! மழை பொய்த்தால், கொள்ளைநோய் பரவினால், ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். சிங்கள ஊர்களில் பத்தினித் தெய்வத்துக்கு நடக்கும் ‘அங்கெளிய’வும் இதற்கு உறவுதான். ஒரு சேரியை மறுசேரி வசைபாடுவதும் உண்டு. வேறொரு நாளில் வெட்டுக்குத்தில் முடியக்கூடிய சொற்கள் அவை. அன்று அவை சேரிக்குச் சொன்னவை, ஆளுக்கல்ல. இந்த வேறுபாடுதான் முக்கியம் என்பது எமது எண்ணம்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஊர்களில் பிணக்கு நாடகம் போட விரும்புவோர் இதையே பின்பற்றலாம். உண்மையாக நடந்த சண்டையையோ ஊரவர் பெயரையோ எடுக்கவேண்டாம். ஆண்கள் மனைவியராகவும் பெண்கள் கணவராகவும் நடிக்கட்டும். அப்போது யாரையும் குறித்துக் காட்டியதாகாது. மேடை கட்டுவதை விட வட்டக்களரி நல்லது. சுற்றியிருப்பவர்கள் நடிப்பவரைப் பார்க்கும்போதே எதிரே சிரிக்கும் அயலவரின் முகத்தையும் பார்ப்பார்கள். வசனத்தை எழுதிப் பாடமாக்கவேண்டிய அவசியமில்லை. சண்டை வசனம் எம்மவருக்குத் தானாக வரும்.

ஒன்றை மட்டும் ரேசாவின் நாடகத்திலிருந்து மாற்றச் சொல்வோம். அந்த இரண்டு பிள்ளைகளையும் களரிக்குள் கொண்டுவாருங்கள். பெரியவர்கள் கத்தி ஓயும்வரை அவர்கள் ஓரமாக இருந்து போளை அடித்துக்கொண்டிருக்கட்டும்.