உச்சி வெயிலும் கழுவேலித் தண்ணீரும்

கிளியனூருக்குக் கிழக்கே கழுவேலி ஏரி. அதற்கும் அப்பால் மரக்காணத்து உப்பளங்கள். ஓசோன் ஓட்டை அண்டார்டிகாவுக்கு மேலேதானே என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் இருந்துவிட முடியாது. வெப்பமண்டல வானில் ஓசோன் இயல்பாகவே குறைவு. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. புற ஊதாக் கதிர் தன்னைத் தடுக்கும் ஓசோனைக் கடக்க வேண்டிய தூரம் அப்போது மிகக் குறைவு.

ஏரிக்குள் நடப்பது

இலை தழையும் கோரையும் மட்கிக் கரைந்து ஏரி நீரைப் பழுப்பாக்குகின்றன. புற ஊதா-பி கதிரை உறிஞ்சுவது பெரும்பாலும் இந்த மட்குதான். உறிஞ்சி உடையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. வயல் உரத்திலிருந்து வந்து சேரும் நைட்ரேட்டில் ஒரு சிறு பகுதியும் வெயிலில் சிதைந்து ஹைட்ராக்சிலைத் தருகிறது. அது எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும்; பூச்சிமருந்து எச்சமும் அதில் அடக்கம். கோடையில் கழுவேலி உவர்க்கும்போது கணக்கு மாறுகிறது: கடல்நீரிலுள்ள புரோமைடு ஹைட்ராக்சிலைப் பிடித்துக்கொள்கிறது.

ஓசோன் மெலிய மெலிய இந்த வேதிவினைகள் வேகமெடுக்கும். அழுக்கு சீக்கிரம் சிதையுமே, நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் அதே கதிர் மீன் முட்டையையும், மீன்குஞ்சு தின்னும் மிதவை நுண்ணுயிர்களையும் சேர்த்தே வதைக்கிறது. மட்கின் நிறம் வெளுத்தால் கதிர் இன்னும் கீழே இறங்கும். கழுவேலியோ ஆழமில்லாத ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த ஏரியில், பல பறவைகளுக்கு இரை இந்த மீன்கள்தான்.

வெயில் காட்டிய தண்ணீரைக் குடிக்கலாமா?

தெளிந்த நீரை நிறமற்ற பெட் பாட்டிலில் நிரப்பி 6 மணி நேரம் நல்ல வெயிலில் வைத்தால் கிருமிகள் பெருமளவு சாகும். கலங்கிய ஏரித் தண்ணீரில் இது பலிக்காது. கதிர் உள்ளே போகாது. உப்பும் நைட்ரேட்டும் வெயிலுக்கும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க நைட்ரேட் மிகுந்த தண்ணீர் ஆபத்து; குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும்.

ஓசோன் தேறுகிறது

ஓசோனைக் காக்கும் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. துருவங்கள் நீங்கலாக உலகின் பிற பகுதிகளில் 2040 வாக்கில் ஓசோன் 1980-இன் அளவை எட்டும் என்பது 2022 ஐ.நா. மதிப்பீடு. பெரிய ஆறுதல் இது. ஆனாலும் மரக்காணத்தின் உச்சி வெயில் அதனால் தணியாது.

உப்பளத்துக் கண்கள்

நண்பகலில் பாத்தியில் உப்பு வாரும் பெண் தலையில் முக்காடு போட்டிருக்கிறார். மேலிருந்து வரும் வெயிலை அது தடுக்கும். காலடியில் பரந்த வெள்ளை உப்பு திருப்பி அடிக்கும் ஒளியை எப்படித் தடுக்கும்? கண் கூசுகிறது, நீர் வடிகிறது. பல ஆண்டுகள் இப்படிப் போனால் வெள்ளை விழியில் சதை வளர்ந்து கருவிழிமேல் படரலாம். கண்புரையும் சீக்கிரம் வரலாம்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கமும் மூடிய கண்ணாடிதான் தேவை. தெருவோரத்து வெறும் கறுப்புக் கண்ணாடி கெடுதல். இருட்டில் கண் பாப்பா விரிந்து கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும். நல்ல கண்ணாடியை உப்பளம் நடத்துபவர்களே வாங்கித் தர வேண்டும். கூலியில் பிடிக்கக் கூடாது. கண் ஓரத்தில் சதை தெரிந்தால் சொட்டு மருந்தைத் தானாக வாங்கிப் போடாமல், அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் காட்டுங்கள்.