குவாட் பைக்: மலிவு வண்டியா, பிராண்டு வண்டியா... எது நின்று உழைக்கும்?

ஊட்டி, ஏற்காடு பக்கம் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பார்கள். தடித்த நான்கு டயர்கள், பைக் போன்ற ஹேண்டில்பார், குதிரைச் சேணம் மாதிரி நீண்ட சீட்டு. சாகசப் பூங்காவில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும் அந்த வண்டிதான் குவாட் பைக். ஏ.டி.வி என்றும் சொல்வார்கள். நமக்கு அது பத்து நிமிட விளையாட்டு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது பண்ணையின் வேலையாள். வேலி உடைந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க, ஆட்டு மந்தையை ஓட்டிவர, தீவன மூட்டை சுமக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

அங்கே இந்த வண்டி வாங்கப் போகும் ஒவ்வொரு குடும்பமும் முட்டி நிற்பது ஒரே இடத்தில்தான். அமெரிக்காவில் சீனாவிலிருந்து வரும் சிறுவர்களுக்கான 110 சிசி குவாட், சுமார் 1,000 டாலருக்குக் கிடைக்கிறது. பெரியவர்கள் ஓட்டும் 200 சிசி ரகம் 2,000 டாலர் அளவில் இருக்கிறது. ஹோண்டா, யமஹா, போலாரிஸ் என்று பெயர் பெற்ற நிறுவனங்களின் பண்ணை வண்டி என்றால் 6,000 டாலரைத் தாண்டிவிடும். எஞ்சின் திறன் ஒரே அளவு இல்லை என்பது உண்மைதான். ஆனால், தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே தெரிகின்றன. அப்படியானால் அந்தக் கூடுதல் 4,000 டாலர் எதற்கு? வெறும் பெயருக்கா?

குளிர்காலத்துக்குப் பிறந்த வண்டி

இந்த வண்டிக்கு முன்னோடி ஒரு மூன்று சக்கர வண்டி. குளிர்காலத்தில் அமெரிக்காவில் பைக் விற்பனை படுத்துவிடும். 'பனியிலும் ஓடுகிற மாதிரி ஏதாவது கொடுங்கள்' என்று டீலர்கள் கேட்க, ஹோண்டா 1970-ல் பலூன் போன்ற டயர்களோடு மூன்று சக்கர வண்டி ஒன்றை இறக்கியது. 1980-களின் தொடக்கத்தில் சுஸுகி நான்காவது சக்கரத்தைச் சேர்த்தது. மூன்று சக்கர வண்டிகள் சட்டென்று கவிழ்ந்து உயிர்ப்பலி வாங்கியதால், அரசோடு 1988-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அமெரிக்காவில் அவற்றின் புதிய விற்பனை நின்றது. அதன் பிறகு நான்கு சக்கரம்தான் ராஜா.

எஞ்சின் நல்ல குடும்பம்தான்!

மலிவு வண்டி என்றாலே 'எஞ்சின் ஆறு மாதத்தில் போய்விடும்' என்று பயமுறுத்துவார்கள். பாதிதான் உண்மை. சிறிய சீன குவாட்களில் பெரும்பாலும் இருக்கும் படுக்கைவாட்டு 110 சிசி எஞ்சின், ஹோண்டா சூப்பர் கப் எஞ்சினின் வழித்தோன்றல். 1958-ல் அறிமுகமாகி, 10 கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்ட வண்டி அது. கால் நூற்றாண்டுக்கு முன் நம் சாலைகளில் ஓடிய ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட்டும் அந்தக் குடும்பம்தான். 150 சிசி ரகங்களில் பலவற்றில் இருப்பது, இதேபோல ஹோண்டா வழிவந்த ஜி.ஒய்6 என்ற ஸ்கூட்டர் எஞ்சின். இரண்டுமே எளிமையான, அடி தாங்குகிற வடிவமைப்புகள். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் ஓடும்.

பிரச்னை எஞ்சினைச் சுற்றியிருக்கும் சாமான்களில் இருக்கிறது. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் கை வைப்பது அங்கேதான். போல்ட்டும் நட்டும் மெத்தென்ற இரும்பு. இரண்டு முறை கழற்றினால் தலை வழுக்கிவிடும். வயரிங் இணைப்புகளுக்குத் தண்ணீர்க் காப்பு சரியாக இருக்காது. ஒரு மழைக்காலம் போனால் பச்சை பூத்து, ஸ்டார்ட்டர் 'டக்' என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும். சக்கர பேரிங், முன்பக்க பால் ஜாயின்ட், செயின், பேட்டரி, ரப்பர் பெட்ரோல் குழாய் எல்லாம் சீக்கிரம் தேய்கிற, வெடிக்கிற ரகம். கார்புரேட்டரின் ஊசித்துளை அடைத்துக்கொள்வது வாடிக்கை. அமெரிக்க பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், குளிர்காலம் முழுக்க வண்டியை அப்படியே மூடிவைத்து வசந்தத்தில் எடுத்தால் கிளம்பாது. இந்தக் கார்புரேட்டர் கோளாறு பிராண்டு வண்டிகளுக்கும் உண்டு. ஆனால், புதியவற்றில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டதால் தொல்லை குறைவு.

பெட்டியில் வரும் வண்டி

மலிவு குவாட் நிறைய நேரம் இரும்புச் சட்டம் போட்ட பெட்டியில், பாதி பூட்டிய நிலையில் வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகிறது. சக்கரம், ஹேண்டில்பார், பேட்டரி, பம்பர் எல்லாவற்றையும் வாங்கியவரே மாட்ட வேண்டும். பிராண்டு வண்டி என்றால் டீலரின் மெக்கானிக் ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து முறுக்கி, ஆயில் ஊற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவி தருவார். அந்தச் சில மணி நேரக் கூலியும் விலை வித்தியாசத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

'முதல் வாரமே சக்கரம் ஆடுகிறது' என்ற புலம்பல்களில் கணிசமானவை இறுக்காத நட்டில் முடிபவை. விவரம் தெரிந்தவர்கள் பெட்டியைப் பிரித்தவுடன் எல்லா போல்ட்டையும் சரிபார்த்து, கப்பலில் வந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, பெட்ரோல் குழாயையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிவிடுவார்கள். செலவு சொற்பம். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை வீட்டில் இருந்தால் மலிவு வண்டி நாலைந்து வருடம் உழைத்துவிடும். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் அது கொட்டகையின் மூலைக்குப் போய்விடுகிறது.

பிரேக்கில் சிக்கனம்

வண்டி நின்றுபோவது எரிச்சல். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவது ஆபத்து. 2006-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், கஸுமா மீர்கட் 50 என்ற சிறுவர் குவாட் பற்றிப் பெற்றோருக்குப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. முன் சக்கரத்துக்கு பிரேக் இல்லை, பார்க்கிங் பிரேக் இல்லை, நியூட்ரல் விளக்கு இல்லை. கியரில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகிவிடும் என்று ஆணையம் அடுக்கியது. குழந்தை ஓட்டும் வண்டி அது!

2008-ல் வந்த சட்டம் விதியை இறுக்கியது. அதுவரை நிறுவனங்கள் தாமாகக் கடைப்பிடித்துவந்த பாதுகாப்புத் தர விதிகள் எல்லோருக்கும் கட்டாயமாயின. விற்பவர் யாராக இருந்தாலும், பயிற்சி, வயது வரம்பு உள்ளிட்ட செயல்திட்டத்தைக் கொடுத்து ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும். இணையத்தில் பெயரே கேள்விப்படாத குவாட் ஒன்று கண்ணை உறுத்தும் விலையில் வந்தால், இந்த ஒப்புதல் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் சிசி எல்லாம் அதற்கப்புறம்.

பெரிய பெயரும் சறுக்கும்

பிராண்டு வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பதும் இல்லை. குவாட்டின் அண்ணன் போன்ற, அருகருகே உட்கார்ந்து ஓட்டும் ஆர்.இசட்.ஆர் வண்டிகள் தீப்பிடித்ததால், போலாரிஸ் நிறுவனம் 2016-ல் சுமார் 1.33 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற்றது. தீப்பிடிக்கும் ஆபத்தை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில், 2018-ல் 2.725 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வண்டியை வாங்கியவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு முகவரி இருந்தது. இலவசமாகச் சரிசெய்து தர டீலர்கள் இருந்தார்கள். மலிவு இறக்குமதியில் இதுதான் மிகப்பெரிய ஓட்டை. ஒரே தொழிற்சாலை வண்டி நான்கு பெயர்களில், நான்கு ஸ்டிக்கர்களோடு விற்கப்படும். இரண்டு வருடம் கழித்து இறக்குமதியாளர் கடையை மூடிவிட்டால் வாரன்டி காகிதம் கத்திக்கப்பல் செய்யத்தான் ஆகும். எஞ்சின் பாகங்கள் பொதுவானவை என்பதால் இணையத்தில் சல்லிசாகக் கிடைத்துவிடும். முன்சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்று வளைந்துவிட்டால், அளவெடுத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக அலைய வேண்டும். 20 வருடப் பழைய ஹோண்டாவுக்கோ, வண்டி எண்ணைச் சொன்னால் வரைபடத்தைப் பார்த்து ஒரு வாஷர் வரை எடுத்துத் தருவார்கள்.

பிராண்டுகளுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. பெரும்பாலான பண்ணை குவாட்களில் ஸ்கூட்டர் போல ரப்பர் பெல்ட்தான் சக்கரத்துக்குச் சக்தி கடத்துகிறது. ஓட்ட சுலபம். ஆனால், சேற்றில் இழுத்து இழுத்து பெல்ட் சூடேறினால் தேயும், அறும். ஹோண்டா தன் பண்ணை குவாட்களில் கார் மாதிரி கியரையே வைத்திருக்கிறது. பழைய வண்டிச் சந்தையில் ஹோண்டா விலை இறங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவில் தலைகீழ்

'மலிவு என்றால் சீனா, உழைப்பு என்றால் ஜப்பான்' என்ற பழைய கணக்கைக் குழப்பிவிட்டது ஆஸ்திரேலியா. அங்கே குவாட் விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அதில் நிறைய பேர் கவிழ்ந்த வண்டிக்கு அடியில் சிக்கியவர்கள். 2019-ல் அரசு புதிய பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. அதன்படி 2021 அக்டோபர் முதல், பண்ணை வேலைக்கான புதிய குவாட் ஒவ்வொன்றிலும் ஓட்டுநரைக் காக்கும் தடுப்பு வளைவு இருக்க வேண்டும். அந்த வளைவே காயப்படுத்தலாம் என்று வாதிட்டு ஹோண்டா, யமஹா போன்றவை பண்ணை குவாட் விற்பனையையே நிறுத்திக்கொண்டன. வளைவைப் பொருத்தி விற்பனையைத் தொடர்ந்தவர்களில் ஒருவர், சீனாவின் சி.எஃப்.மோட்டோ!

1989-ல் ஹாங்சோ நகரில் தொடங்கிய நிறுவனம் அது. நம்மூர் இளைஞர்களுக்குத் தெரிந்த ஆஸ்திரிய கே.டி.எம்மோடு கூட்டு வைத்து எஞ்சின் தயாரித்த அனுபவம் உள்ளது. டீலர், வாரன்டி, உதிரி பாகம் எல்லாம் உண்டு. விலை ஜப்பான் வண்டியைவிடக் குறைவு, பெட்டி வண்டியைவிட அதிகம். இந்த நடுத்தர ரகத்தை 'சீன வண்டி' என்று ஒரே மூட்டையில் கட்டி ஒதுக்குவது நியாயமில்லை.

பழைய பிராண்டு வண்டியா, புதிய மலிவு வண்டியா?

கையில் 2,500 டாலர்தான் இருக்கிறது என்றால்? வீட்டைச் சுற்றி எப்போதாவது ஓட்ட, ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவருக்கு, புதிய மலிவு வண்டி போதும். தினமும் வேலை வாங்குவதென்றால் பழைய ஜப்பான் வண்டியே மேல். ஆனால், நன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே அதைப் பாடுபட்டுக் கிளப்பியிருக்கலாம். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி இரண்டு கையாலும் ஆட்டினால் பேரிங்கின் வயது தெரியும். சட்டத்தில் ஒரு இடத்தில் மட்டும் புது பெயின்ட் பளபளத்தால், அடியில் வெல்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்த வண்டி வாங்கினாலும் டயர் காற்றைக் கவனிக்க வேண்டும். குவாட் டயருக்கு 5 பி.எஸ்.ஐ அளவே போதும்; கூடக்குறைய எவ்வளவு என்பது டயரிலும் கையேட்டிலும் இருக்கும். பைக் நினைப்பில் 25, 30 என்று ஏற்றிவிட்டால் வண்டி பந்து போலக் குதித்து, மேட்டில் பிடிமானம் இழக்கும். சாதாரண காற்று மானியில் இவ்வளவு குறைந்த அளவு சரியாகத் தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே தனி மானி சில டாலர்களுக்குக் கிடைக்கிறது.

இன்னொன்று, அந்த நீண்ட சீட்டு. அதைப் பார்த்துத்தான் 'ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்' என்று குழந்தையைப் பின்னால் ஏற்றிக்கொள்கிறார்கள். மலிவோ பிராண்டோ, பெரும்பாலான குவாட் பைக்குகள் ஒருவர் மட்டும் ஓட்டச் செய்யப்பட்டவை. மேட்டில் ஏறும்போது உடலை முன்னால் தள்ளவும், இறக்கத்தில் பின்னால் சாயவும், வளைவில் பக்கவாட்டில் நகரவும் ஓட்டுபவருக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம்.