முன்கூட்டியே நடுக்கிய நிலம்

1964 ஜூன் 16-ந் தேதி ஜப்பானின் நீகாட்டா நகரைப் பூகம்பம் உலுக்கியபோது, கவகிஷி-சோ பகுதியில் மணற்பாங்கான நிலத்தின்மேல் எழுப்பப்பட்டிருந்த நான்கு மாடிக் குடியிருப்புகள், பெரும்பாலும் கட்டுக்குலையாமலே சாய்ந்துபோயின. அவற்றுள் ஒன்று ஏறக்குறைய மல்லாந்தே படுத்துவிட்டது. குற்றம் கட்டடத்தில் இல்லை, அதைத் தாங்கிய மணலில் இருந்தது. தளர்வாகப் படிந்த மணல் அதிரும்போது துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடியை விட்டு நெருங்கி அமர முயல, இடைவெளிகளில் நிறைந்த நீர் அத்தனை விரைவில் வெளியேற வழியின்றி, அதுவரை அவை சுமந்த பாரத்தைத் தானே ஏற்றுக்கொள்ள, அக்கணத்தில் மணல் திரவத்தின் குணத்தை அடைகிறது.

ஆனால் அதே நகரில், அதே பூகம்பத்தில், அதிர்வு யந்திரத்தால் முன்னரே இறுக்கப்பட்ட மணலின்மேல் நின்ற எண்ணெய்த் தொட்டிகள் பெருஞ்சேதமின்றித் தப்பின. பூமி நடுக்குவதற்கு முன் நாமே நடுக்கி, அமர வேண்டியதை அமர்த்திவிடுவதே இதன் தத்துவம்.

ஜெர்மனியில் யோஹான் கெல்லர் கம்பெனியார் 1930-களில் வகுத்த உபாயம் இது. கிரேனிலிருந்து தொங்கும் நீண்ட உருக்குக் குழாயின் அடிப்பாகத்தில், மையம் விலகிய பளு ஒன்று மோட்டாரால் அதிவேகமாகச் சுழன்று குழாயைப் பக்கவாட்டில் அதிரச் செய்கிறது. முனையிலிருந்து பீறிடும் நீர் வழி திறக்க, குழாய் தன் எடையாலேயே மணலுக்குள் இறங்குகிறது. உரிய ஆழத்தை எட்டியபின், சிறிது சிறிதாக மேலே இழுத்து, ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி அதிரவிடுவர். மணல் இறுக இறுக மோட்டாருக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படுமாதலால், ஆபரேட்டர் அம்மீட்டர் முள் ஏறுவதைப் பார்த்தே அடுத்த நிலைக்குத் தூக்குவார். சுற்றிலும் தரை புனல்போல் குழிந்துகொண்டே போகும். அந்தக் குழியில் லோடர் மேலும் மேலும் மணலைக் கொட்டும். அவ்வாறு விழுங்கப்படும் மணலின் அளவே, அந்நிலம் முன்பு எவ்வளவு வெறுமையைத் தன்னுள் மறைத்திருந்தது என்பதற்குச் சாட்சி. துபாயில் கடலுக்குள் மணல் கொட்டி உருவாக்கிய பாம் ஜுமைரா தீவும் இம்முறையாலேயே ஸ்திரப்படுத்தப்பட்டது.

எல்லா மண்ணும் இதற்கு இசையாது. வண்டலும் களியும் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டால், நீர் எளிதில் பிரியாமல் அதிர்வு வீணாகும். அங்கே சரளையைத் தூண்தூணாக இறக்குவார்கள். சாலைக்கு மண் நிரப்பும்போதும் இதே பேதம் உண்டு: மணலுக்கு அதிர்வு ரோலர், களிமண்ணுக்கு மிதித்துப் பிசையும் ஆட்டுக்கால் ரோலர்.

வேலை முடிந்ததும் கண்ணை நம்புவதில்லை. கூம்பு முனைக் கம்பியை நிலத்தில் அழுத்தி, அது காட்டும் எதிர்ப்பை ஆழந்தோறும் குறித்துக்கொள்கிறார்கள். அதிர்த்த இரு புள்ளிகளுக்கு நடுவே அந்த எதிர்ப்பு குறைந்து காணப்பட்டால், யந்திரம் மறுபடி அங்கே கொண்டுவரப்படுகிறது.